போலீஸ் கொடுத்துவிட்ட பழைய பிஸ்டலை வாங்கலாமா? ட்ரிகர் வகைகள் உட்பட, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் துப்பாக்கி சுடும் களத்துக்குப் போகிறவர்கள் இப்போது கணிசமாகக் கூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வாடகைத் துப்பாக்கியில் பழகிய பிறகு, சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கும்போது கண்ணில் படுவது ‘போலீஸ் ட்ரேட்-இன்’ என்று எழுதி வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. விலை குறைவு, பேர் பெரிது. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது எல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும்.

போலீஸ் ட்ரேட்-இன் என்றால் என்ன?

ஒரு காவல்துறை புதுத் துப்பாக்கிகள் வாங்கும்போது, பழையவற்றை மொத்தமாக உற்பத்தியாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ ஒப்படைத்துவிடும். அதன் மதிப்பைப் புது பில்லில் கழித்துக்கொள்வார்கள். வாங்கிய மொத்த வியாபாரி அவற்றைத் தரம் பிரித்து, உரிமம் பெற்ற கடைகளுக்கு அனுப்புகிறார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சில துறைகள் மட்டும் பழைய துப்பாக்கிகளை விற்காமல் அழித்துவிடுகின்றன. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடையில் எங்கே பார்த்தாலும் .40 அளவுத் தோட்டா சுடும் பிஸ்டல்தான் கிடக்கிறது. ஏன்?

இதற்கு ஒரு கதை உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ.க்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் இறந்துபோனார்கள். 9 எம்.எம். தோட்டா போதுமான ஆழத்துக்குப் போகவில்லை என்று முடிவு கட்டினார்கள். முதலில் 10 எம்.எம். வந்தது. அது பலருக்குக் கையில் அடங்காததால், அதையே கொஞ்சம் சுருக்கி 1990ல் .40 எஸ் அண்ட் டபிள்யூ வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நாட்டின் பெரும்பாலான காவல்துறைகள் அதன் பின்னால் போயின. கிளாக் 22, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 40, சிக் சாவர் பி229 எல்லாம் அந்தக் காலத்துப் படை.

அப்புறம் 9 எம்.எம். தோட்டாக்களின் தரம் நன்றாக உயர்ந்தது. 2014ல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே 9 எம்.எம்.முக்குத் திரும்பலாம் என்று எழுதியது, 2016ல் கிளாக்குக்கு ஒப்பந்தமும் கொடுத்தது. மற்றவர்களும் திரும்பினார்கள். அந்தத் திரும்பலில் ஒதுங்கியவைதான் இன்று கடையில் கிடக்கும் .40கள். பழைய கிளாக் 22 பெரும்பாலும் 300 முதல் 400 டாலருக்குள் வந்துவிடும்.

மலிவு என்பதற்காக மட்டும் .40ஐ எடுக்காதீர்கள். அதே அளவு துப்பாக்கியில் 9 எம்.எம்.மை விட உதைப்பு கூர்மையாக இருக்கும், தோட்டா விலையும் கூட. வாங்கும்போது மிச்சம் பிடித்த நூறு டாலர் சில மாதப் பயிற்சியிலேயே போய்விடும்.

மேலே எல்லாம் தேய்ந்து வெளுத்துப் போயிருக்கிறதே. இதை நம்பி வாங்கலாமா?

பெரும்பாலும் வாங்கலாம். ஒரு ரோந்துப் போலீஸ்காரர் பிஸ்டலைத் தினமும் இடுப்பில் சுமக்கிறார். கார் சீட்டிலும் கதவிலும் அது உரசுகிறது, மழையில் நனைகிறது. ஆனால் சுடுவது பெரும்பாலும் வருடாந்தரத் தகுதித் தேர்விலும் சில பயிற்சி நாட்களிலும்தான். அதனால் வெளித்தோல் கிழமாகவும் உள்ளே இளமையாகவும் இருக்கும்.

ஒரு பழைய பி229ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியான ஸ்லைடின் முன் விளிம்பில் கறுப்பு போய் வெள்ளி நிறம் பளபளக்கும். அது இடுப்பு உறையான ஹோல்ஸ்டரில் உரசிய இடம். பிடியில் உள்ள பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இருக்கும். உடம்பை ஒட்டாத வெளிப்பக்கம் அது. பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதியான ஃபிரேமில் துறையின் பேரோ உடைமை எண்ணோ பொறித்திருக்கலாம், அல்லது அதை அழித்த தடம் இருக்கலாம். ஸ்லைடைக் கழற்றினால் உள்ளே கதையே வேறு. ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் மெல்லிய ஒரு கோடு மட்டும் தேய்ந்திருக்கும், குண்டு போகும் குழாயான பேரலின் உள்வரிகள் கூர்மையாக நிற்கும். இப்படி இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே தண்டவாளத்தில் பள்ளம் விழுந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பயிற்சிப் பள்ளிகளில் ஓடிய துப்பாக்கிகள் இதற்கு விலக்கு. அவை மிக அதிகமாகச் சுடப்பட்டவை. இந்தத் தொகுப்பு ரோந்துக்காரர்களிடமிருந்து வந்ததா, பள்ளியிலிருந்து வந்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம், கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

ட்ரிகர் வகைகளைக் கொஞ்சம் புரியும்படி சொல்லுங்களேன்.

எல்லா ட்ரிகரிலும் ஒரே கேள்விதான்: நீங்கள் இழுக்கும்போது உள்ளே ஏற்கெனவே எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது?

வேலை முழுக்க முடிந்திருந்தால் அது சிங்கிள் ஆக்ஷன். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமர் பின்னால் இழுபட்டு நிற்கிறது, ட்ரிகர் அதை விடுவித்தால் போதும். 1911 வகைப் பிஸ்டல் இப்படித்தான். இழுப்பு குட்டையாகவும் இலேசாகவும் இருக்கும், குறி பார்க்க மிகச் சுகமானது. அதனாலேயே கைவசம் பாதுகாப்புப் பூட்டும் பழக்கமும் வேண்டும்.

வேலை எதுவுமே முடியாமல் நீங்களே ஹேமரைப் பின்னால் தள்ளி நீங்களே விடுவிக்க வேண்டும் என்றால் அது டபுள் ஆக்ஷன். ரிவால்வரின் இழுப்பு இது. நீளமாகவும் கனமாகவும் இருக்கும், இழுக்கப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு வரை பலம் வேண்டும்.

இரண்டையும் கலந்தது டி.ஏ./எஸ்.ஏ. சிக் பி226, பி229, பெரெட்டா 92 எல்லாம் இதில் சேரும். முதல் வெடி நீளமான டபுள் ஆக்ஷன், பி226ல் சுமார் பத்துப் பவுண்டு. அந்த வெடியிலேயே ஸ்லைடு பின்னால் போய் ஹேமரை நிறுத்திவிடும். இரண்டாவதிலிருந்து நாலரைப் பவுண்டுக்குள் இலேசாகிவிடும். சுட்டு முடித்ததும் டீகாக்கர் என்ற நெம்புகோலை அழுத்தி ஹேமரைப் பத்திரமாக இறக்க வேண்டும். சிக்கில் அது ஃபிரேமின் இடப்பக்கம் இருக்கும், பெரெட்டா 92ல் ஸ்லைடின் மேல். இந்த வகையில் கஷ்டமே முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வெடி கீழே போகும், இரண்டாவது நினைப்பதற்கு முன்பே போய்விடும். பழகினால் தீரும், ஆனால் பழகித்தான் தீர வேண்டும்.

ஸ்ட்ரைக்கர் வகையில் வெளியே ஹேமரே கிடையாது, உள்ளே இருக்கும் ஸ்ட்ரைக்கர் என்ற ஊசிதான் தோட்டாவை அடிக்கும். கிளாக்கில் ஸ்ட்ரைக்கர் பாதி இழுபட்டு நிற்கும், மீதியை உங்கள் விரல் முடிக்கும். கிளாக்கின் சாதாரண ட்ரிகர் சுமார் ஐந்தரைப் பவுண்டு, கிலோவில் இரண்டரை. முதல் வெடியும் கடைசி வெடியும் ஒன்றுபோல் இருப்பதுதான் இதன் பெரிய பலம். எம் அண்ட் பி யில் ஸ்ட்ரைக்கர் கிட்டத்தட்ட முழுதாகவே இழுபட்டிருக்கும். சிக் பி320ல் முழுவதுமே. பி320ஐப் பழையதாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று தெரிந்து, 2017 ஆகஸ்டில் சிக் ஒரு மாற்றுத் திட்டம் அறிவித்தது. உங்கள் கையில் வந்தது அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று பாருங்கள்.

இவை தவிர, போலீஸ்காரர்களுக்காகவே பிறந்த இரண்டு மூன்று வகைகள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டியில் உங்களைக் குழப்புவது அவைதான்.

டி.ஏ.ஓ., டி.ஏ.கே., எல்.இ.எம். என்றெல்லாம் எழுதியிருக்கிறதே?

டி.ஏ.ஓ. என்றால் டபுள் ஆக்ஷன் மட்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 5946 நல்ல உதாரணம். எல்லா வெடிக்கும் ஒரே நீள இழுப்பு, டீகாக்கர் இல்லை, ஹேமரில் கட்டைவிரல் வைக்க இடமும் இல்லை. ரிவால்வரில் பழகிய போலீஸ்காரருக்கு அதே விரல் பழக்கத்தைப் பிஸ்டலில் கொடுத்தார்கள்.

டி.ஏ.கே. சிக்கின் வடிவம். பி229ல் நிறையக் கிடைக்கும், அமெரிக்கக் கடலோரக் காவல்படையும் இதை வைத்திருந்தது. இழுப்பு நீளம்தான், ஆனால் வழுக்கிக்கொண்டு ஆறரைப் பவுண்டில் வரும். இதில் ஒரு நுணுக்கம். சுட்ட பிறகு விரலை முழுதாக முன்னால் விட்டால் அடுத்த இழுப்பும் ஆறரை. பாதியில் நிறுத்தி மறுபடி இழுத்தாலும் வெடிக்கும், ஆனால் அந்த இழுப்பு எட்டரையாகிவிடும். தெரியாமல் வாங்கியவர்கள் ‘ட்ரிகர் கோளாறு’ என்று திருப்பிக் கொடுக்க வருவது இதனால்தான்.

எல்.இ.எம். ஹெக்லர் அண்ட் கோக்கின் வடிவம், பி2000லும் யு.எஸ்.பி. காம்பாக்ட்டிலும் பார்க்கலாம். ஹேமர் ஸ்பிரிங்கை ஸ்லைடே முன்கூட்டி இறுக்கி வைத்துவிடுவதால் இழுப்பு நீளமாக இருந்தும் இலேசாக இருக்கும். விலை கட்டுப்படியானால் நான் விரும்பி எடுப்பது இதைத்தான்.

இவ்வளவு வகை ஏன்? போலீஸ் துறைகள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தன?

பயத்தைப் பார்த்து. நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமே இதுதான். கடையில் நீங்கள் தொடும் ட்ரிகர் உங்களுக்காகவோ குறி தவறாத சுடுதலுக்காகவோ தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. தவறுதலாக வெடித்து, ஆள் செத்து, வழக்கு வந்துவிடுமோ என்று ஒரு நகராட்சி பயந்த பயம் அந்த ஸ்பிரிங்கில் இருக்கிறது.

நியூயார்க் நகரக் காவல்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1993ல் ரிவால்வரிலிருந்து 9 எம்.எம். பிஸ்டலுக்கு மாறியபோது, இலேசான ட்ரிகரில் போலீஸ்காரர்கள் தவறிச் சுட்டுவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். அவர்களது கிளாக் 19ல் ட்ரிகர் 12 பவுண்டாக இருந்தது, அதாவது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெறும் கிளாக் 19ன் எடையோ 600 கிராம்தான். துப்பாக்கியின் எடையைப் போல ஒன்பது மடங்கு பலத்தை ஒரே விரல் போட்டால் கை ஆடாமல் இருக்குமா? 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் கொலைகாரன் ஒருவனை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டார்கள். வழியில் போன ஒன்பது பேர் காயப்பட்டார்கள். கூட்டமும் நெருக்கமும் சிதறிய சில்லுகளும் அதற்குக் காரணம் என்றாலும், அந்த 12 பவுண்டு ட்ரிகர் பற்றிய விவாதம் அன்று மறுபடி வெடித்தது.

அப்படியென்றால் இலேசான ட்ரிகரே நல்லதா?

அதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட ஷெரிஃப் துறை பெரெட்டாவிலிருந்து எம் அண்ட் பி க்கு மாறிய பிறகு, தவறுதலாக வெடித்த சம்பவங்கள் கூடின. நீளமான முதல் இழுப்புக்குப் பழகிய விரல்கள், துப்பாக்கியை எடுத்தவுடனே ட்ரிகரின் மேல் போய் உட்கார்ந்திருந்தன. பழைய ட்ரிகர் அந்தத் தவற்றை மன்னித்தது, புதியது மன்னிக்கவில்லை.

கனமான ட்ரிகர் விரல் ஒழுங்கில்லாதவரை ஓரளவு காப்பாற்றும், குறியைக் கெடுக்கும். இலேசான ட்ரிகர் குறிக்கு உதவும், விரல் ஒழுங்கில்லாதவரைக் கைவிட்டுவிடும். குறி பார்த்துச் சுட முடிவெடுக்கும் வரை விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, ஃபிரேமின் மேல் நீட்டி இருக்க வேண்டும். இது உங்களுக்குத் தூக்கத்திலும் மாறாத பழக்கமாகிவிட்டால் ஐந்தரைப் பவுண்டு தாராளமாகப் போதும்.

கடையில் ட்ரிகரை எப்படிச் சோதிப்பது?

முதலில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, பேரலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். வெறுமனே இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், எந்தப் பக்கம் நீட்டலாம் என்றும் கேளுங்கள்.

இனி மெதுவாக இழுங்கள். முதலில் எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் வரும். பிறகு ஒரு இடத்தில் முட்டி நிற்கும். அங்கிருந்து இன்னும் அழுத்தினால் சட்டென்று விடுபடும். முட்டிய இடத்திலிருந்து விடுபடும் வரை மணல் நெரிவது போல உணர்ந்தால் அது அழுக்கா தேய்மானமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வருடக்கணக்கில் சேர்ந்த அழுக்குதான். விடுபட்ட பின் விரலை எடுக்காமல், ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டு, விரலை மெல்ல முன்னால் விடுங்கள். ‘டிக்’ என்று கேட்கும் இடம் ரீசெட், அதாவது ட்ரிகர் அடுத்த வெடிக்குத் தயாராகும் இடம். அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வர வேண்டும்.

டி.ஏ./எஸ்.ஏ. ஆனால் டீகாக்கரை அழுத்திப் பாருங்கள், ஹேமர் தடையில்லாமல் இறங்க வேண்டும். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் மேகசின் இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாதபடி ஒரு பாதுகாப்பு உண்டு. அது கோளாறு இல்லை.

வாங்கியதும் என்ன மாற்ற வேண்டும்?

ரீகாயில் ஸ்பிரிங், அதாவது பின்னால் போன ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங். எத்தனை தோட்டா ஓடியது என்று யாருக்கும் தெரியாத துப்பாக்கியில் அதை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. மேகசின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் மாற்றலாம். இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியம் குறிகள் இருந்தால் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம், அதனால் பன்னிரண்டு வயதுத் துப்பாக்கியில் வெளிச்சம் பாதிதான் மிச்சம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 5906, 5946, 4006 போன்ற இரும்புக் காலத்துப் பிஸ்டல்கள் அழகானவை, நெடுங்காலம் உழைக்கக்கூடியவை. ஆனால் அந்த வரிசை நின்றுபோய்ப் பல ஆண்டுகளாகிவிட்டது, உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரே துப்பாக்கி வைத்திருக்கப் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் வாங்கிய கிளாக்கின் ட்ரிகர் பாறை மாதிரி இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

அது பெரும்பாலும் ‘நியூயார்க் ட்ரிகர்’. ஸ்லைடைக் கழற்றி ட்ரிகர் பட்டையின் பின்பக்கம் பாருங்கள். எஸ் வடிவில் மாட்டிய சுருள் ஸ்பிரிங் இருந்தால் அது சாதாரண வகை. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கட்டை மாதிரி ஒன்று இருந்தால் அதுதான் காரணம். கிளாக்கின் சாதாரண ஸ்பிரிங்கும், இழுப்பின் எடையைத் தீர்மானிக்கும் சின்னத் தகடான கனெக்டரும் சில டாலர்களுக்குக் கிடைக்கும், துப்பாக்கி மெக்கானிக் சீக்கிரம் மாற்றிவிடுவார். நிறுவனத்தின் சொந்தப் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மயிரிழை ட்ரிகர் என்று விற்கும் வெளிச் சாமான்களைத் தற்காப்புத் துப்பாக்கியில் மாட்டாதீர்கள்.

விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

எச்1பி, எஃப்1 உட்பட, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. களத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போய் நிற்கிறார்கள். ஒரு வார இறுதிக்காக உங்கள் குடியேற்றக் கோப்பைப் பணயம் வைக்காதீர்கள். போவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது வேண்டும். துப்பாக்கி வாங்குவோருக்கான மத்திய அரசுப் படிவம் 4473ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை தேற வேண்டும். இணையத்தில் வேறு மாநிலக் கடையில் வாங்கினால் துப்பாக்கி உங்கள் மாநிலத்தில் உள்ள உரிமக் கடைக்குத்தான் வரும், அங்கே சோதனை முடிந்துதான் கைக்கு வரும். விசாவில் இருக்கும் நண்பருக்காக உங்கள் பேரில் வாங்குவது 2022 சட்டப்படி 15 ஆண்டுவரை சிறைக்குப் போகும் குற்றம். ‘அவர்தான் காசு கொடுத்தார், பேர் மட்டும் என்னுது’ என்பது வாதமாகாது, அதுவே வாக்குமூலம்.

இதற்கு மேல் மாநிலச் சட்டம். நியூயார்க்கில் முதலில் உரிமம். நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதிச் சீட்டு. கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு, அதோடு கடைகள் விற்கலாம் என்று அரசு அங்கீகரித்த பட்டியல். கிளாக் 22ன் 15 தோட்டா மேகசின் இந்த மூன்று மாநிலங்களிலும் செல்லாது, பத்துதான்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கனமான ட்ரிகர் வாங்கினால் பாதுகாப்புதானே?

இல்லை. இல்லவே இல்லை. சின்னப் பிள்ளைக்கு ஒரு விரலால் இழுக்க முடியாவிட்டால், துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தும். அப்போது குழாய் அதன் முகத்தைப் பார்த்திருக்கும். ட்ரிகர் எடை பெரியவர் கையில் இருக்கும்போது மட்டுமே பேச்சு. மற்ற நேரமெல்லாம் பூட்டிய இரும்புப் பெட்டி. தோட்டா தனியாக, அதுவும் பூட்டி. அலமாரியின் மேல்தட்டு, தலையணை அடி, சேலை மடிப்பு எதுவும் பூட்டு ஆகாது. பெட்டிக்குக் காசு இல்லை என்றால் இந்த மாதம் பெட்டி, அடுத்த மாதம் துப்பாக்கி.

போலீஸ் விற்ற துப்பாக்கிகள் குற்றங்களில் சிக்குவதாகச் செய்தி வந்ததே?

உண்மைதான். 2006 முதல் 2022 வரை 52,000க்கும் மேற்பட்ட முன்னாள் போலீஸ் துப்பாக்கிகள் குற்றங்கள் தொடர்பாகத் தடம் பிடிக்கப்பட்டன என்று 2024ல் பத்திரிகையாளர்கள் அரசுத் தரவிலிருந்து வெளிக்கொண்டு வந்தார்கள். சில துறைகள் விற்பதை நிறுத்தி அழிக்கத் தொடங்கியதற்கு இந்தக் கவலைதான் காரணம். அவர்கள் செய்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாங்குகிறவர் பக்கத்திலிருந்து செய்ய முடிந்தது இரண்டு: காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், திருட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. விற்கும்போதும் முகம் தெரியாதவரிடம் வாகன நிறுத்தத்தில் கைமாற்றாமல், உரிமக் கடை வழியாகப் பின்னணிச் சோதனையோடு விற்றுவிடுங்கள்.

முதல் துப்பாக்கி. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

போலீஸ் கொடுத்துவிட்ட 9 எம்.எம். கிளாக் 17 அல்லது 19, சாதாரண ட்ரிகரோடு கிடைத்தால் அதை எடுங்கள். உதிரிபாகம் எல்லா ஊரிலும் உண்டு, ஒரே இழுப்பைத்தான் பழக வேண்டும். கழற்றுவதற்கு முன் அதில் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும், அதனால் அறையை இரண்டு முறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 9 எம்.எம். பழசு கிடைக்கவில்லை, .40 மட்டும்தான் இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். களத்தில் ஒரு .40ஐ வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள். கடைசிப் பத்தின் குறி முதல் பத்தைப் போலவே இருந்தால் வாங்குங்கள். சிதறியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் சேர்த்து 9 எம்.எம்.முக்குப் போங்கள்.